நோ-பே

அன்புள்ள அண்ணா,
கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூன்று மாதமாக நித்திரை இல்லை. காலையில் பஸ் ஏறினாலே நெஞ்சு அடைக்கிறது. சனல் பண்ணி, தனியாரில் காசு கட்டி ஒரு நிபுணரிடம் காட்டினேன். மனச்சோர்வு, ஒரு மாதம் லீவு எடுங்கள் என்றார் டொக்டர். கையில் பன்னிரண்டு நாள் லீவுதான், மிச்சம் நோ-பே, சம்பளமில்லாத லீவு. வாடகை, தம்பியின் படிப்பு எல்லாம் என் சம்பளத்தில். அந்தக் கவலையிலேயே வருத்தம் கூடிவிடாதா? பேசாமல் வேலையை விட்டுவிடவா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலையை இப்போது விடாதீர்கள். நித்திரை திரும்பிய பிறகு அதை யோசிக்கலாம்.

கவலை கூடும்தான். 'காசை விடு, உடம்பைப் பார்' என்பவர்களுக்கு வாடகை கட்டும் தேவை இருப்பதில்லை. ஆகவே காசையே பேசுவோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் தருவது 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெசுவலும். காய்ச்சலுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதே ஏழு நாள். அதற்கு மேல் ஏதாவது உண்டா என்று நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நோ-பே என்றால் கம்பனி போடும் 12 வீத ஊழியர் சேமலாப நிதியும் (ஈ.பி.எப்.) குறையும். கணக்குக்காரிக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

குறைக்கக்கூடிய செலவு சனலிங். பின்னேரம் காசு கட்டிப் பார்க்கிற நிபுணர்கள் பலர் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள்தான். உங்களுக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரி கிட்ட. மனநலக் கிளினிக்குக்குக் காசில்லை. வரிசை உண்டு. தெரிந்தவர் கண்டால் என்ற பயமும் உண்டு. மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோமே.

அந்தப் பயத்தில்தான் நானும் ஒருமுறை மெடிக்கல் சேர்டிபிகேட்டில் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதி வாங்கினேன். அச்சகமொன்றில் புரூஃப் பார்த்த காலம். காய்ச்சல் என்றால் ஐந்து நாளில் மாறவேண்டுமே! ஆறாம் நாள் வேலைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தக் கிழமை ஒரு கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயரைத் தவறவிட்டேன். மறுபடி அச்சடித்த காசைச் சம்பளத்தில் வெட்டினார்கள். இன்னும் பத்து நாள் நோ-பேயில் வீட்டில் கிடந்திருந்தால்கூட அவ்வளவு போயிருக்காது.

ஒரு மாதமும் ஒரேயடியாக வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பன்னிரண்டு நாள், சனி ஞாயிறோடு இரண்டு கிழமையைத் தாண்டும். பிறகு கொஞ்சநாள் அரை நாள் வேலைக்குக் கேட்கலாம். அவர் கடிதம் தந்தால் வாயால் விளக்கும் பாடு மிச்சம். நோயின் பெயரைச் சொல்வதா என்பது உங்கள் இஷ்டம். பொய்ப் பெயர் மட்டும் வேண்டாம்.

வாடகைக் கணக்கை இரவில் போடாதீர்கள். தாங்கமுடியாவிட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். காலையில் தம்பியையும் பக்கத்தில் இருத்திக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் என்ன நடக்கிறதென்று அவருக்கும் தெரியட்டும்.