வீட்டுக் காவலுக்கு எந்த நாய் இனம் ஏற்றது?

சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் காவலாக எந்த நாய் இனத்தை வளர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குரைத்து எச்சரிக்கும் நாய் வேண்டுமா, அந்நியரைத் தடுத்து நிறுத்தும் நாய் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வகையே போதும் என்பது என் கருத்து.

ஓரளவு நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஜெர்மன் ஷெப்பர்டைப் பரிந்துரைப்பேன். ஆடு மேய்க்க உருவாக்கப்பட்ட இனம் என்பதால், மந்தையைக் கவனிப்பது போலவே வீட்டாரையும் கண்காணிக்கும். கற்றுக்கொடுப்பதையும் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாள்தோறும் நல்ல ஓட்டமும் மூளைக்கு வேலையும் கொடுக்காவிட்டால், கதவைப் பிறாண்டுவதும் ஓயாமல் குரைப்பதுமாக மாறிவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வினத்தில் அதிகம் என்பதால், குட்டியை வாங்குமுன் தாய், தந்தை இரண்டின் எக்ஸ்ரே முடிவுகளையும் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். டாபர்மேன் கூர்மையான காவலாளி என்றாலும், ரோமம் மெல்லியதாகையால் குளிர் தாங்காது. வெளியே கட்டிப்போடத் தக்கதல்ல. 50 கிலோவையும் தாண்டக்கூடிய ராட்வைலர் அனுபவமுள்ளவர்களுக்கே உரியது. லாப்ரடார் பெரும்பாலும் அந்நியரையும் வாலாட்டி வரவேற்கும்.

எந்த இனமானாலும், பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் வாரம் வரையிலான காலத்தில் விருந்தினர், குழந்தைகளின் கூச்சல், அழைப்புமணி ஓசை ஆகியவற்றுக்கு அச்சமின்றிப் பழகிய குட்டியே பின்னாளில் ஆளறிந்து காக்கும். எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாய் பயத்தால் கடிக்கக்கூடும். அதைக் காவல் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயானாலும், சிறு குழந்தையை அதனுடன் தனியே விடவே கூடாது.