முந்தியவர் தோற்பது எப்படி?

கேள்வி: அமெரிக்க டிராக் ரேஸ் (இரண்டு கார்கள் நேர்பாதையில் போட்டியிடும் பந்தயம்) வீடியோக்களில் ஒரு கார் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறது. பின்னால் வந்து அதை முந்துகிற காரைத் தோற்றதாக அறிவிக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன சுவாரசியம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் பார்த்தது ‘பிராக்கெட்’ பிரிவு. அங்கே அமெச்சூர்கள் பெரும்பாலும் ஓட்டுவது இதில்தான். 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடப்பேன் என்று ஓட்டுநரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இதற்கு ‘டயல்-இன்’ என்று பெயர். கார் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் பெரிதாக எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

ஒருவர் 14.50, மற்றவர் 12.30 என்றால் மெதுவான காருக்கு 2.20 விநாடி முன்னதாகப் பச்சை விளக்கு விழும். சொன்னதைவிட வேகமாக ஓடினால் ‘பிரேக் அவுட்’, தோல்வி. இருவருமே மீறினால், குறைவாக மீறியவர் ஜெயிப்பார்.

ஓட்ட நேரக் கடிகாரம் பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்காது. முன்சக்கரம் கோட்டிலுள்ள ஒளிக்கதிரை விட்டு விலகிய பிறகுதான். பச்சைக்குப் பிறகு தாமதித்தது தனிக் கணக்கு. முதல் கார் 0.050 தாமதித்து, 14.50-க்குப் பதில் 14.56-ல் ஓடினால் மொத்த இழப்பு 0.050 + 0.060 = 0.110. இரண்டாவது 0.120 தாமதித்து 12.32-ல் வந்தால் 0.140. டயல்-இன்னை ஒட்டி ஓடியவர் இரண்டாமவர். ஜெயித்தவர் முதலாமவர், ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில்!

கோட்டுக்குச் சற்று முன்னால் பிரேக் விளக்கைக் கவனியுங்கள். எதிராளியை முந்துவது உறுதியானதும், பிரேக் அவுட் ஆகாமலிருக்க ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அதிகம் குறைத்தால் எதிராளி முந்திவிடுவார். சூட்சுமம் முழுக்க இங்கேதான். இரவில் காற்று குளிர்ந்து அடர்த்தியானால் கார் வேகமெடுக்கும். டயல்-இன்னை மாற்ற மறந்தவர் அப்போது மாட்டிக்கொள்வார்.

திருக்கடையூர் காணும் பொங்கல் ரேக்ளாவில் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று தரம் பிரித்து விடுவதால் முன்னால் வருவது யார் என்று கண்ணுக்கே தெரிகிறது. பிராக்கெட்டில் எண் தெரியாமல் ஒன்றும் புரியாது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் இரண்டு டயல்-இன்னையும் ஒலிபெருக்கியில் சொல்லாவிட்டால் கூட்டம் கலைந்துபோகும். அதற்குப் பார்வையாளர்களைக் குறை சொல்லக் கூடாது.

கேள்வி: தஞ்சாவூர் பைபாஸில் விடியற்காலையில் நண்பர்கள் மட்டும் இப்படிப் பந்தயம் ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். களத்தில் கோட்டைத் தாண்டியும் வண்டி நிற்க நீண்ட இடம் விட்டிருப்பார்கள். பைபாஸில் அந்த இடத்தில் நெல் லாரியோ ஆட்டு மந்தையோ வரலாம். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பு) உரிமம் எடுத்து, அனுமதி பெற்ற போட்டிக்குப் போங்கள்.