ஆடி பிறந்தும் பனி கரையாத குகை வாசல்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரியாவின் டோட்டஸ் கெபிர்கெ போன்ற சுண்ணாம்புக்கல் பீடபூமிகளில், கோடை வந்த பிறகும் பனி கிடக்கும்போதே குகைக்குள் இறங்கும் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் பாதி குளிரைப் பற்றி. குளிருக்குச் சரியான துணி போதும். ஆளைக் கொல்வது வாசலில் தொங்கும் பனியும், அது உருகி உள்ளே இறங்கும் தண்ணீரும். பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

எனக்க மவன் ஆஸ்திரியாவுல படிக்கான். ஆடி மாசம் கூட்டுக்காரங்களோட குகைக்குள்ள எறங்கப் போறானாம். அங்க இப்பவும் பனி கெடக்குன்னு சொல்லுகான். எல்லாம் உருகின பெறவு போனா ஆகாதா?
– ஒரு தாயார், அருமனை

அம்மா, எல்லாம் உருகி முடியும் காலம் என்று ஒன்று அங்கே சில வருடம் வருவதே இல்லை. 1,600 முதல் 2,000 மீட்டர் உயரத்தில், வெயில் படாத பள்ளங்களில் கிடக்கும் பனி ஆகஸ்ட் வரை நிற்கும். அடர்த்தியாக விழுந்த வருடமென்றால் அடுத்த பனி விழும் வரைகூட நிற்கும். கல்லூரி விடுமுறையும் நீண்ட பகலும் சேர்ந்து கிடைப்பது ஜூலை, ஆகஸ்டில்தான். அதனால் பனி இருக்கும்போதே போகிறார்கள்.

பனியால் ஒரு உபகாரமும் உண்டு. சுண்ணாம்புக்கல் பீடபூமியில் ஓடையோ குளமோ அபூர்வம்; பெய்த மழை விரிசல் வழியே உள்ளே போய்விடும். முகாமுக்குக் குடிதண்ணீர் இந்தப் பழைய பனிதான். ஒரு கிலோ பனியை உருக்க மட்டுமே 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகிய தண்ணீரைக் கொதிக்க வைக்க இன்னும் சுமார் 420. எல்லாவற்றையும் அடுப்பில் உருக்கினால் காஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாக விரித்துப் பனியை அள்ளிப் போட்டு, கீழ்முனையில் கேனை வைத்தால் வெயிலே உருக்கித் தரும். அடுப்புதான் கதி என்றால் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போட வேண்டும். வெறும் பனியைப் போட்டால் அடி தீய்ந்து, குடிக்கிற தண்ணீரில் கருகல் வாடை வரும்.

மகனிடம் குளிருமா என்று கேட்காதீர்கள். மேலே யார் காத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று கேளுங்கள். அதற்குப் பதில் தடுமாறினால் கவலைப்படலாம்.

பனி மூடிக் கிடக்கையில் குகை வாசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காற்றை வைத்து. குகையின் உள்வெப்பம், அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அந்த உயரத்தில் அது 2 முதல் 4 டிகிரி செல்சியஸ். மேலும் கீழுமாக வாசல்கள் உள்ள குகையில், குளிர்காலத்தில் உள்ளேயிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பானது, எடை குறைந்தது. புகைபோக்கியில் ஏறுவது போல அது மேல்வாசல் வழியே வெளியேறும். அங்கே பனி அடியிலிருந்து உருகி, வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்பு ஓட்டை தெரியும். குளிர்கால முடிவில் போகிறவர்கள் அந்த ஓட்டைகளை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு கோடையில் திரும்பி வருவார்கள்.

கோடையில் ஓட்டம் தலைகீழாகும். கனத்த குளிர்காற்று கீழ்வாசலில் வெளியே கொட்டும். மேல்வாசல் காற்றை உள்ளே இழுக்கும். ஜூலையில் ஒரு பள்ளத்தில் மட்டும் பனி அடம்பிடித்து நின்றால் அடியில் கீழ்வாசல் இருக்கலாம், வெறும் நிழலாகவும் இருக்கலாம். கல்லிடுக்கில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை சொல்லிவிடும்.

ஓட்டையைக் கண்டதும் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. சூடான காற்று அடிப்பக்கத்தைத் தின்றுவிட்டிருக்கும். மேலே ஒரு சாண் பனிதான் மிச்சமிருக்கும்.

வாசலைப் பனி அடைத்திருந்தால் எப்படி இறங்குவது? முறையாகச் சொல்லவும்.
– மலையேற்றக் குழுவினர், தக்கலை

கயிறு கட்டுவது பாறையில். பனியில் எதையும் நம்பிக் கட்டாதீர்கள்.

வாசலிலிருந்து தள்ளி, வெளியே தெரியும் பாறையில் முதல் ஆளுக்குக் கயிறு கட்டிவிட்டுத்தான் அவர் நெருங்க வேண்டும். கையில் பனிச்சரிவு மீட்புக்கு வைத்திருக்கும் மடக்குக் கோல், சுமார் 3 மீட்டர் நீளம். அடி வைக்கும் முன் குத்திப் பார்க்கணும். கோல் தடையில்லாமல் சட்டென்று இறங்கினால் கீழே வெற்றிடம்.

ஆணி போல்ட் அடிக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல பாறை. மொத்தையாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு. உறைந்தும் உருகியும் மேற்பரப்புப் பாறை நொறுங்கியிருக்கும் என்பதால், கெட்டியான பகுதி கிடைக்கும் வரை தேட வேண்டும். போன வருட போல்ட்டையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். குறைந்தது இரண்டு போல்ட், ஒன்றுக்கொன்று ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி. இரண்டிலும் சுமை பிரியும்படி கயிற்றை இரு காலாகக் கட்டணும். அந்தக் கால்களுக்கிடையே கோணம் 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. 120 டிகிரி ஆனால் சுமை பிரிவதே இல்லை. ஒவ்வொரு போல்ட்டும் முழு எடையையும் வாங்கும்.

பிறகு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பனியை வெட்டித் தள்ளுங்கள், கீழே யாரும் இல்லாதபோது. இறுகிய பழைய பனி ஒரு கன மீட்டர் 400 முதல் 600 கிலோ இருக்கும். தலைக்கவசம் அதற்குப் பதிலாகாது. பனிக்குள் சிக்கிய கற்களும் உண்டு. இரவுக் குளிரில் ஒட்டிக் கிடப்பவை காலை வெயில் பட்டதும் கழன்று விழும். அதனால் வாசலுக்கு நேர்கீழே நின்று சாமான் அடுக்குவதும் பேசிக்கொண்டிருப்பதும் கூடாது.

கயிறு பனி விளிம்பில் உரசினால் அதை அறுத்துக்கொண்டு உள்ளே புதையும். ராத்திரி உறைந்தால் வெளியே எடுக்கவே முடியாது. விளிம்புக்குக் கீழே சுவரில் கெட்டிப் பாறை கிடைத்ததும் இன்னொரு கட்டு போட்டு, அங்கிருந்து கயிறு எதிலும் படாமல் தொங்கும்படி செய்யுங்கள். பல இடங்களில் பனி சுருங்கிப் பாறைச் சுவருக்கும் அதற்கும் நடுவே ஆள் புகும் இடைவெளி இருக்கும். சுலபமான வழிதான், ஆனால் அந்தப் பனிச்சுவர் பெயர்ந்து விழுந்தால் ஒதுங்க இடமில்லை. அதிகாலையில் மட்டும், ஒவ்வொருவராகப் போகலாம்.

அதிகம் பேர் தவறும் இடம் அடியில் இருக்கிறது. கீழே தெரியும் பனிக்குவியல் தரை அல்ல. இன்னொரு கிணற்றின் (குகைக்குள் செங்குத்தாக இறங்கும் பள்ளம்) வாயை அது மூடியிருக்கலாம். பாறையில் கால் ஊன்றும் வரை கயிற்றை விடாதீர்கள்.

கயிற்றில் ஐஸ் பிடித்தால் இறங்கும் கருவி வழுக்கி ஓடும். பிரேக்குக்கு ஒரு காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கூடுதலாகப் போட வேண்டும். ஏறும்போது பிடிகருவியின் பற்களில் ஐஸ் அடைந்து பிடி விட்டுப்போகும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள், இதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. கயிற்றின் கடைசி முனையில் முடிச்சு கட்டாயம்.

தாய்லாந்தில் 2018-இல் சிறுவர்கள் மாட்டிக்கொண்டது போல அங்கும் நடக்குமா? மழையில்லாத நாளில் பயமில்லைதானே?
– ஆசிரியை, மார்த்தாண்டம்

தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மாட்டியது மழைவெள்ளத்தால். பனிக்காலம் முடிந்த ஆல்ப்ஸில் வெள்ளம் வர மழை தேவையில்லை, நல்ல வெயில் போதும். காலையில் சொட்டிக்கொண்டிருந்த கிணறு, பிற்பகலில் அருவியாகும். பனிப்பரப்புக்கு நேர்கீழே உள்ள பகுதியில் தண்ணீர் முதலில் கூடும். ஆழத்தில் உச்சம் பல மணி நேரம் கழித்து, சில சமயம் இரவில்கூட வரும். மேலே வெயில் சாய்ந்துவிட்டது, இனி குறையும் என்று கணக்குப் போடுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். எல்லாவற்றிலும் மோசம், பனிமேல் பெய்யும் வெதுவெதுப்பான மழை. மழைநீரும் உருகுநீரும் ஒன்றாக இறங்கும். பிற்பகல் இடிமழை முன்னறிவிப்பு இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.

தடுப்பு கயிறு கட்டும்போதே தொடங்குகிறது. வறண்டிருக்கும் நாளிலும், தண்ணீர் விழும் பாதையை விட்டு ஒதுக்கித்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். பக்கச் சுவரில் இரண்டு போல்ட் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. சுவரில் ஒட்டிய நுரை, சருகு, சேற்றுக் கோடு எந்த உயரம் வரை இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பழைய வெள்ளம் வந்த மட்டம் அது. தண்ணீர் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ அந்த மட்டத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்து காத்திருங்கள். மணிக்கணக்கில் வடியலாம், ஒரு நாளும் ஆகலாம். அருவிக்குள் கயிற்றேறி வெளியே வர முயல்வது மட்டும் கூடாது. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல்சூட்டை உறிஞ்சும்; விரல் மரத்து, கருவியைத் திறக்க முடியாமல் கயிற்றிலேயே தொங்கிவிடுவார்கள். அசையாமல் பெல்ட்டில் தொங்கினாலே சீக்கிரம் மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து.

எங்க போட்டில் கட்டுற நல்ல தடித்த கயிறு இருக்கு. அது போதாதா?
– மீனவர், குளச்சல்

போதாது, அண்ணா. உங்கள் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதற்காக வைத்திருப்பது. சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். இறங்கும் கருவி வேகமாக ஓடினால் உரசல் சூடே அதற்கு எமன். வெயிலிலும் அது நைந்துபோகும். முறுக்குக் கயிற்றில் தொங்கும் ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார் என்பது தனித் தொல்லை. குகைக்கு நைலான் உள்ளிழையும் பின்னிய மேலுறையும் கொண்ட, அதிகம் நீளாத கயிறு வேண்டும். ஐரோப்பியத் தரம் இஎன் 1891. அதில் ஏ வகை குறைந்தது 22 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் சுமார் 100 கிலோ எடை), பி வகை 18 தாங்க வேண்டும். புதுக் கயிறு நனைந்ததும் சுருங்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகே அளந்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் 50 மீட்டர் கிணற்றுக்குக் கொண்டுபோன கயிறு தரையைத் தொடாது.

என்ன உடுத்துவது, என்ன தின்பது?
– வாசகி, குலசேகரம்

பருத்தி ஒரு இழைகூட வேண்டாம்; நனைந்தால் காயாது. உள்ளே ஃப்ளீஸ் துணியில் ஒரே உடுப்பு, மேலே பிவிசி கவர், கம்பளிக் காலுறை, ரப்பர் பூட்ஸ் (ரப்பர் தோட்டத்துக்குப் போடும் அதே இனம்தான்). ஆளுக்கு மூன்று விளக்கு. சாதாரண அல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் தாக்குப்பிடிக்கும். சாப்பாட்டுக்கு நம்மூர் முந்திரிக்கொத்து அருமையானது: பயறு, கருப்பட்டி, தேங்காய், கையுறையோடு பிடித்துத் தின்னலாம். சாக்லேட் அந்தக் குளிரில் பல்லை உடைக்கும்.

நாகர்கோவில் சூட்டில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பழகுவது?
– ஐடி ஊழியர், நாகர்கோவில்

பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, உறுதியான அயினி அல்லது மா மரக்கிளையில் கயிறு கட்டி, தரையிலிருந்து ஆள் உயரத்துக்குள்ளேயே பழகலாம். ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு மாறுவது, நடுக்கட்டை (கயிற்றை நடுவழியில் சுவரில் மறுபடி கட்டிய இடம்) தாண்டுவது, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வர வேண்டும். குளிருக்கு, மீன் சந்தையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, கையை இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்த உடனே எட்டு முடிச்சு போட்டுப் பாருங்கள். கைவிட்ட பாறைமடைகளில் பழக வேண்டாம்; வெடி வைத்து உடைத்த பாறை உள்ளுக்குள் விண்டிருக்கும்.

மருந்துவாழ்மலை, சிதறால் குகைகள் இந்த வகையா?
– பள்ளி மாணவி, கொட்டாரம்

இல்லை. அவை தண்ணீரில் கரையாத கடினப் பாறை; பாறைகள் சரிந்தும் உடைந்தும் உண்டான இடுக்குகள். கார்பன்டைஆக்சைடு கலந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தால்தான் கிலோமீட்டர் கணக்கில் குகை உண்டாகும். இந்தியாவில் அதற்கு மேகாலயா. அங்கே பனி கிடையாது. மழையில்லாத டிசம்பர் முதல் மார்ச் வரை போகலாம்.

உள்ளே அடிபட்டால்?
– செவிலியர், கருங்கல்

2014-இல் ஜெர்மனியின் ரீசன்டிங் குகையில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் கல் விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை வெளியே கொண்டுவர 11 நாள் ஆனது. 700-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். ஆகவே முதல் ஒரு நாளை உடன் இருப்பவர்களே சமாளிக்க வேண்டியிருக்கும். ஈர உடுப்பை மாற்றி, அடியில் கயிற்றுப் பையாவது போட்டு, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நெருக்கி உட்கார வையுங்கள். நினைவு இருந்தால் இனிப்பான சூட்டுப் பானம் கொடுக்கலாம். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கூடவே கூடாது. கீழே செல்போன் எடுக்காது. இரண்டு பேர் மேலே போய், இடம், ஆழம், காயம், கயிறு கட்டியிருக்கும் நிலை ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுக்க 112. பயணக் காப்பீட்டில் குகை சேர்ந்திருக்கிறதா என்பதை விமானம் ஏறும் முன் படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும்.