நப்பின்னை என்று மகளுக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் மகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. அனுஷ நட்சத்திரம். ந, நி, நு, நே ஆகிய எழுத்துகளில் பெயர் தொடங்க வேண்டும் என்றார் ஜோசியர். நந்தினி, நிவேதா, நிலா எல்லாம் சொந்தத்திலேயே இருக்கின்றன. சின்ன வயதில் பாட்டி திருப்பாவை பாடும்போது கேட்ட 'நப்பின்னை' என்ற பெயர் அப்போதிருந்தே மனதில் நிற்கிறது. மாமியாரோ, "பின்னை என்றால் பிறகு என்றுதானே அர்த்தம்? இதை யாராவது பெயராக வைப்பார்களா?" என்கிறார். அடுத்த வருடம் கணவருக்கு லண்டனில் வேலை அமையலாம். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இப்போது வழக்கில் இருக்கிறதா? வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். லண்டன் என்று சொன்னதால் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மாமியாரின் கேள்வி.

அவர் சொல்வது தப்பில்லை. பழைய தமிழில் 'பின்னை' என்றால் பிறகு, மேலும் என்ற பொருள் உண்டு. ஆனால் அந்தச் சொல் பெண்ணின் பெயராகவும் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் நம்மாழ்வார். திருவாய்மொழி முதல் பத்து, ஐந்தாம் திருமொழியின் முதல் பாசுரத்தில், 'கள்வா என்பன் பின்னையும்' என்று ஓர் அடி முடிகிறது. அங்கே பின்னையும் என்றால் மேலும். அடுத்த அடி 'தளவேழ் முறுவல் பின்னைக்காய்' என்று தொடங்குகிறது. தளவு என்பது முல்லை. முல்லை அரும்பு போன்ற சிரிப்பை உடைய பின்னைக்காக, என்று பொருள். மாமியாரிடம் இந்த இரண்டு அடியையும் வாசித்துக் காட்டுங்கள். அவருடைய கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ந + பின்னை. முன்னால் நிற்கும் 'ந' சிறப்பைக் குறிக்கும் ஓரெழுத்து முன்னொட்டு. கீரன் நக்கீரன் ஆனதும் இதனால்தான். சங்கப் பெண்பாற் புலவர்களில் மூவர் பெயரில் இந்த 'ந' இருக்கிறது: மாறோக்கத்து நப்பசலையார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், காக்கைபாடினியார் நச்செள்ளையார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் நச்செள்ளையார். ஜோசியர் கொடுத்த எழுத்துக்காக 'ந' வரிசையில் தேடினீர்கள். தமிழில் பெயருக்கு முன்னால் பெருமைக்காகவே வைத்த எழுத்து கையில் கிடைத்திருக்கிறது.

'பின்னை' என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் உண்டு. பின்னால் பிறந்தவள், இளையவள் என்பது ஒன்று. மூதேவி மூத்தவள், திருமகள் இளையவள் என்பது பழைய நம்பிக்கை. 'செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்' என்ற குறளில் வரும் தவ்வை அந்த அக்காதான். அக்கா முன்னை, தங்கை பின்னை. அதனால் திருமகளுக்கும் பின்னை என்ற பெயர் வந்தது. கூந்தல் பின்னலோடு சேர்த்துப் பார்ப்பது இன்னொரு விளக்கம். திருவள்ளுவமாலை வெண்பா ஒன்றில் கண்ணனை 'உபகேசி தோள்மணந்தான்' என்கிறார் நல்கூர் வேள்வியார். அந்த உபகேசி நப்பின்னைதான் என்பார்கள். கேசி என்றால் கூந்தலை உடையவள். ஆண்டாளும் இவளைக் 'கந்தம் கமழும் குழலீ' என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு இந்தக் கூந்தல் விளக்கத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியது 'இளையவள்' என்ற பொருள்தான்; பெயர் வைக்க அதுவே போதும். சில ஊர்களில் புன்னை மரத்தையும் பின்னை என்பார்கள். விளக்குக்கு வாங்கும் பின்னை எண்ணெய் அதன் கொட்டையில் ஆட்டியதுதான்.

சரி, யார் இந்த நப்பின்னை? ஆயர் குலத்துப் பெண், கண்ணனின் காதலி, மனைவி. ஏழு காளைகளை அடக்கி அவன் இவளை மணந்தான் என்பது கதை. ராதையை நாம் நன்றாக அறிவோம், ஆனால் ஆழ்வார் பாசுரங்களில் ராதை என்ற பெயரே இல்லை. அங்கே கண்ணனின் பக்கத்தில் இருப்பவள் நப்பின்னை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மதுரைப் புறஞ்சேரி ஆயர் பெண்கள் ஏழு பேர், ஏழு சுரங்களின் பெயரைத் தாங்கி வட்டமாக நின்று ஆடுவார்கள். அந்தச் சேரியின் ஆயர் மூதாட்டி மாதரி, அவர்களில் 'குரல்' என்ற சுரமாக நிற்பவளைக் கண்ணன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். மணிமேகலையும் அந்தக் குரவையை நினைவுகூர்கிறது. அங்கே பெயர் 'பிஞ்ஞை' என்று வரும்.

சீவக சிந்தாமணியில் வரும் இடம் எனக்கு இன்னும் நெருக்கமானது. ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குக் கொடுக்க நினைக்கிறான். 'குலம் நினையல் நம்பி' என்று பேச்சைத் தொடங்குகிறான். குலத்தைப் பார்க்காதே, முருகன் வள்ளியை மணக்கவில்லையா, திருமால் நப்பின்னையை மணக்கவில்லையா என்று கேட்கிறான். எழுதியவர் திருத்தக்கதேவர், சமண முனிவர். மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதாவது இந்தப் பெயரை வைணவர்கள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. தமிழில் எழுதிய எல்லாரும் தங்கள் வீட்டுப் பெண் போலவே இவளைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

உங்கள் பாட்டி பாடியது திருப்பாவையின் 18, 19, 20 ஆகிய மூன்று பாசுரங்களில் ஒன்றாக இருக்கும். பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில் வரும் நாட்கள் அவை. 'நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்' என்று கதவைத் தட்டுகிறார்கள் தோழிகள். கண்ணனை எழுப்புவதற்கு முன் இவளை எழுப்புகிறார்கள், ஏனென்றால் இவள் சொன்னால் அவன் கேட்பான். 'சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்' என்று கேட்கிறார்கள். ராமானுஜர் இந்தப் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டே பிட்சைக்கு நடந்தபோது, தம் ஆசிரியர் பெரிய நம்பியின் வீட்டுக் கதவை அவருடைய மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கத் திறந்தாளாம். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் மயங்கி விழுந்தார் என்று வைணவ மரபில் சொல்வார்கள். அத்துழாய் என்றால் அழகிய துளசி. அதுவும் இன்று அரிதாகிவிட்ட பெயர். நப்பின்னைக்கு வீட்டில் கடைசிவரை சம்மதம் கிடைக்காமல் போய், எழுத்தைப் பற்றியும் கவலை இல்லை என்றால், அத்துழாயையும் யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் வைக்கவில்லை? என் அனுபவத்தில், நம் ஊரில் பழைய பெண் பெயர்கள் பாட்டு வழியாக வந்ததைவிடக் கோயில் வழியாக வந்ததே அதிகம். ஸ்ரீரங்கத்தால் ரங்கநாயகி, காஞ்சிபுரத்தால் பெருந்தேவி, கும்பகோணத்தால் கோமளவல்லி, மன்னார்குடியால் செங்கமலம். அந்தந்தத் தாயாரிடம் வேண்டிக்கொண்டு பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயர், பிறகு பேத்திக்கும் அதே பெயர். பெருமாள் கோயில்களில் உற்சவருக்கு இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஸ்ரீதேவியும் பூதேவியும்தான் நிற்கிறார்கள். நப்பின்னைக்கு என்று போய் வேண்டிக்கொள்ளும் சந்நிதி ஊருக்கு ஊர் இல்லை. உரையாசிரியர்கள் அவளைத் திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவி என்று விளக்கியபின், வைக்க நினைத்தவர்களும் நீளா என்று வைத்தார்கள். கடந்த நூற்றாண்டில் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் கயல்விழி, பூங்கொடி, தமிழ்ச்செல்வி என்று போனார்கள். அவர்களுக்கு நப்பின்னை பக்திப் பெயராகத் தெரிந்திருக்கும். இப்படி இரண்டு பக்கத்திலும் விடுபட்ட பெயர் இது. பெயரில் எந்தக் குறையும் இல்லை.

வழக்கில் எவ்வளவு என்று கேட்டீர்கள். எந்தப் பெயரை எத்தனை குழந்தைகளுக்கு வைத்தார்கள் என்று ஆண்டுதோறும் அரசு வெளியிடும் பட்டியல் இங்கே கிடையாது. இணையத்தில் 'இத்தனையாவது இடம்' என்று போடும் பெயர்த் தளங்களை நம்ப வேண்டாம். தமிழார்வம் உள்ள சில வீடுகளில் இந்தப் பெயர் உண்டு. உங்கள் மகள் வகுப்பில் இன்னொரு நப்பின்னை இருக்க மாட்டாள் என்று தைரியமாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் அப்படி ஒரு பட்டியல் உண்டு, ஆனால் ஓர் ஆண்டில் மூன்று குழந்தைகளுக்கும் குறைவாக வைத்த பெயர் அதில் வராது.

இப்போது அந்த எச்சரிக்கை. இங்கிலாந்தில் குழந்தைக்குக் கட்டும் டயப்பரை 'நாப்பி' என்பார்கள். பெயரை நீட்டிச் சொல்ல வராத பிள்ளைகள் முதல் பாதியை வெட்டிக் கூப்பிட்டால் அங்கேதான் போய் நிற்கும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள், பள்ளியில் அனுபவிக்கப் போவது குழந்தை. அதற்காகப் பெயரையே விடவும் வேண்டாம். சுருக்கம் எது என்பதை நீங்களே முந்திக்கொண்டு முடிவு செய்யுங்கள். இன்றிலிருந்தே வீட்டில் 'பின்னை' என்று கூப்பிடுங்கள், கொஞ்சும்போது பின்னு. ஆழ்வார் கூப்பிட்டதும் பின்னை என்றுதான். அங்கே பள்ளியில் சேர்க்கும்போது, கூப்பிடும் பெயர் 'பின்னை' என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், முதல் நாளிலிருந்தே அது பழகிவிடும். லண்டன் நிச்சயம் என்று ஆகி, அங்கேயே தங்கிவிடும் எண்ணமும் இருந்தால், 'பின்னை' என்பதையே சான்றிதழ் பெயராக வைப்பதை யோசியுங்கள். ஜோசியர் சொன்ன எழுத்துக்காக, பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் நப்பின்னை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நப்பின்னை என்றே பதிவதானால் ஆங்கில எழுத்தில் இரண்டு 'பி', இரண்டு 'என்' கண்டிப்பாகப் போடுங்கள்: என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ. ஒன்றைக் குறைத்தால் நபினை என்று வாசிப்பார்கள். கடைசியில் 'ஏ, ஐ' இரண்டும் இருந்தால்தான் 'னை' வரும். எண் கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டிக் குறைக்க யாராவது சொன்னால், இந்தப் பெயருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அரிய பெயரை ஏற்கெனவே வாயால் சொல்லித் திருத்த வேண்டியிருக்கும், எழுத்திலும் திருத்திக்கொண்டே இருக்க முடியாது.

தமிழ் எழுத்திலும் கவனம் வேண்டும். இரண்டும் றன்னகர 'ன'. தட்டச்சு செய்பவர் பழக்கத்தில் 'நப்பிண்ணை' என்று மூன்று சுழி போட்டுவிடக்கூடும். உங்கள் பாட்டியிடம் பழைய திவ்யப் பிரபந்தப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் கடைசி 'னை' தும்பிக்கை போட்டு நிற்கும். ஒரு படம் எடுத்து வையுங்கள், பிற்பாடு மகளுக்குக் காட்டலாம்.

அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஐந்து வாரம் ஆகிவிட்டதால் பெயர் இல்லாமலே பதிவாகியிருக்கும், ஆகவில்லை என்றால் உடனே கவனியுங்கள். பெயரை மட்டும் பிறந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதனால் இரண்டு மூன்று வாரம் வீட்டில் பின்னை என்று கூப்பிட்டுப் பாருங்கள். மாமியார் வாயிலும் அந்தப் பெயர் தானாக வரத் தொடங்கினால் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுங்கள்.