எட்டு மணிக்கு வேலைக்கு வரும் அருவி

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மகன் ஜூலையில் மோட்டார் ஹோம் என்கிற ஓடும் வீட்டை வாடகைக்கு எடுத்து எங்களை நயாகரா அழைத்துப் போவதாகச் சொல்கிறான். மருமகள் பேரப்பிள்ளைகளோடு காரில் பின்னால் வருவாள். குற்றாலத்துக்குப் போவதுபோல விடியற்காலையில் போய்விட்டால் கூட்டம் இருக்காது. அருவிக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திச் சமைத்தும் சாப்பிடலாம் என்பது என் யோசனை. சரிதானே? அங்கே குளிக்க முடியுமா என்று என் கணவர் கேட்கச் சொன்னார்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: விடியற்காலையில் கூட்டம் இருக்காது, உண்மைதான். தண்ணீரிலும் பாதி இருக்காது.

நயாகரா, மலையில் மழை பெய்தால் விழுகிற ஐந்தருவி அல்ல. ஈரி ஏரியிலிருந்து ஒண்டாரியோ ஏரிக்கு ஓடும் ஆறு வழியில் குப்புற விழுகிற இடம். அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பி இரு கரையிலும் மின் நிலையங்கள் இருக்கின்றன. 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, அருவியில் விநாடிக்குக் குறைந்தது ஒரு லட்சம் கன அடி விழ வேண்டும். இரவில் ஐம்பதாயிரம் போதும். ஆற்றில் வருவதோ சராசரியாக இரண்டு லட்சம். மீதியெல்லாம் சுரங்கம் வழியாக மின்சாரம் எடுக்கப் போய்விடுகிறது. மேட்டூர் அணைச் செய்தியைத் தினமும் படிக்கிற நமக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். ஆகவே நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போங்கள். வண்ண விளக்கு வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டால் இரவு பத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

அருவிக்கும் கடிகாரமா என்று முகம் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தவன்தான். நயாகராவின் மூன்று அருவிகளில் குதிரை லாட வடிவத்தில் வளைந்து கிடக்கும் பெரிய அருவியின் விளிம்புக்கே போய், அமெரிக்கப் பக்கத்து டெர்ரப்பின் முனையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கடிகாரம் மறந்துபோயிற்று. தண்ணீர் வெள்ளையாக விழும் என்று நினைத்திருந்தேன். விளிம்பில் வளையும் இடத்தில் அது பச்சைக் கண்ணாடி. வெள்ளையெல்லாம் கீழே, சுமார் 57 மீட்டர் பள்ளத்தில். அங்கிருந்து எழும்பி வருகிற சாரல் மூக்குக் கண்ணாடியை மூடிவிட, பாதி நேரம் நான் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி வண்டிக்கு வருவோம். அருவிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சமைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நயாகரா மாநிலப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. பஸ் அகலத்துக்கு ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு ஜூலைக் கூட்டத்தில் இடம் தேடினால் உங்கள் மகன் அருவியைப் பார்க்க மாட்டார், பின்பக்கக் கண்ணாடியைத்தான் பார்ப்பார். மருமகள் கார் கொண்டுவருகிறாரே, அதுதான் இந்தப் பயணத்தின் நல்ல முடிவு. வடக்கே யங்ஸ்டவுன் அருகில் ஒண்டாரியோ ஏரிக்கரையில் ஃபோர் மைல் கிரீக் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. மின் இணைப்போடு இடம் தருவார்கள், முன்பதிவு முக்கியம். வீட்டை அங்கே விட்டுவிட்டுக் காரில் அருவிக்கு வாருங்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் ரசம் கொதிக்கட்டும். அடுப்பு மூட்ட நியூஜெர்சியிலிருந்து விறகு ஏற்றிவராதீர்கள். மரத்தை அரிக்கும் பூச்சிகள் கூடவே வரும் என்று நியூயார்க் மாநிலத்தில் அதற்குத் தடை.

வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. வண்டிக்குள் இருக்கும் கழிவறையின் தொட்டியை நீங்களேதான் காலி செய்ய வேண்டும். அதற்கென்று உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை மாட்டி, தடித்த குழாயை இரண்டு பக்கமும் இறுகப் பூட்டிய பிறகே வால்வை இழுக்க வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். அது குழாயை அலசிவிடும். வரிசையை மாற்றி இழுத்துவிட்டு அரை மணி நேரம் குழாய் கழுவிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இன்னொன்று. ரெயின்போ பாலத்துக்குப் போகும் தடத்தில் தவறி நுழைந்தால் கனடா எல்லையில்தான் போய் நிற்பீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் கதை சொல்லித் திரும்ப வேண்டியிருக்கும். விசா இருந்தால் அவசியம் போங்கள். மூன்று அருவிகளையும் எதிரில் வைத்துப் பார்ப்பது அந்தக் கரையிலிருந்துதான்.

உங்கள் கணவரின் கேள்வியைக் கடைசிக்கு வைத்தேன். ஆற்றில் இறங்க முடியாது. ஆனால் அருவிகளுக்கு நடுவே இருக்கும் கோட் தீவிலிருந்து மின்தூக்கியில் இறங்கினால் 'காற்றுக் குகை' என்று ஒன்று. குகை 1954-இல் இடிந்துவிட்டது, பெயர் மட்டும் மிச்சம். இப்போது இருப்பவை மரப்பாதைகள். இலையுதிர் காலத்தில் பிரித்து எடுத்துவிட்டு, பனிக்கட்டி போனபின் மறுபடி கட்டுகிறார்கள். அதன் மேல்தட்டிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி பிரைடல் வெயில் என்ற சின்ன அருவி விழுகிறது. பெயரில்தான் வெயில், கொடுக்கிற மழைக்கோட்டு கழுத்து வரைக்கும்கூட உதவாது. துண்டு எடுத்து வரச் சொல்லுங்கள். எண்ணெய் வேண்டாம்.