சேலம் பக்கம் ஏரிகளுக்குப் புதுத்தண்ணி வரும்போது தூண்டில் போட எங்கே போகலாம், எப்படிப் பிடிக்கலாம்?

முதலில் தூரமாக வீசுவதை நிறுத்துங்கள். புதுத்தண்ணி வந்த முதல் இரண்டு மூன்று வாரம் மீன் பெரும்பாலும் கரையோரம்தான் மேயும். கோடையில் காய்ந்து கிடந்த புல்லும் கோரையும் மூழ்கினால் மண்புழு, வண்டு, பூச்சி எல்லாம் வெளியே வரும். அதைத் தின்ன ஜிலேபியும் கெளுத்தியும் முழங்கால் ஆழத்துக்கே ஏறி வரும். நீங்கள் 100 அடி தள்ளி எறிந்தால் மீனைத் தாண்டி எறிகிறீர்கள் என்று அர்த்தம்.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி, கன்னங்குறிச்சி புது ஏரி வழியாக மூக்கனேரிக்குப் போகிறது. அதனால் ஏற்காட்டில் நல்ல மழை என்றால் ஓடை ஏரிக்குள் நுழையும் வாயைப் போய்ப் பாருங்கள். தண்ணி விழுகிற இடத்திலேயே போடக்கூடாது. ஓட்டம் தணிந்து சுழலும் ஓரத்தில், கலங்கலும் தெளிவும் சேரும் கோடு ஒன்று தெரியும். இரை அங்கே இறங்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் ஏரிகளில் முதல் வெள்ளம் சாக்கடையையும் அடித்துக்கொண்டு வரும். காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் தண்ணியில் காற்று போதவில்லை, எந்த இரையையும் தொடாது. ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

மேட்டூரில் கணக்கே வேறு. முழு மட்டம் 120 அடி. மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி வெளியே தெரியும், காய்ந்த நிலத்தில் பயிரும் வைப்பார்கள். காவிரியில் தண்ணி வந்து அந்தத் தாள் வயல்கள் மூழ்கும் நாட்கள்தான் ரோகு, மிர்கால் மாதிரி கெண்டை மீன்களுக்கு நேரம். ஆனால் அணையில் பிடிக்க மீன்வளத்துறை உரிமம் வேண்டும். மற்ற ஏரிகளில் குத்தகைக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். உபரிநீர் திறக்கும் நாளில் அணைக்குக் கீழே பாறைகளில் உட்காரவே கூடாது.

ஜிலேபிக்கு 0.25 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு, 8ஆம் நம்பர் தூண்டில் முள், சின்னத் தக்கை போதும். புழுவை முழுசாகக் கோர்த்துத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். முள் மறையும் அளவுக்கு ஒரு துண்டு போதும். தக்கை துடிக்கும்போது இழுக்காதீர்கள், பக்கவாட்டில் நகரும்போது இழுங்கள்.

ரோகு, மிர்காலுக்குக் கலங்கல் தண்ணியில் வாசனைதான் வழிகாட்டி. கடலைப் புண்ணாக்கை இரவே ஊறவைத்து, அதே அளவு தவிடு பிசைந்து எலுமிச்சை அளவு 5, 6 உருண்டை ஒரே இடத்தில் போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். முள்ளுக்கு மைதாவும் புண்ணாக்குத் தூளும். பிசையும் தண்ணி கொஞ்சம் கூடினாலும் மாவு இளகி இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும், வெறும் முள்ளோடு காத்திருப்பீர்கள். பிசையும்போது பஞ்சை மெல்லியதாகப் பிய்த்துக் கலந்தால் பிடித்து நிற்கும். இரை தரையில் கிடக்க வேண்டும். மீன் அதை, நரம்பில் எடைக்குக் கட்டிய ஈயத்தோடு தூக்கும்போது தக்கை அமுங்காது, மேலே எழும்பிச் சாய்ந்து படுக்கும். இழுக்க வேண்டிய நொடி அதுதான். புதிதாக வருபவர்கள் தக்கை உள்ளே போகட்டும் என்று பார்த்திருந்து விட்டுவிடுவார்கள்.

விராலுக்கு ரப்பர் தவளையும் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும். கோரை ஓரமாக மெதுவாக இழுத்து, இடையில் நிறுத்துங்கள். தண்ணி வெடித்ததும் பதறி இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். நரம்பு இறுகும்வரை ஒரு மூச்சு பொறுத்து, அப்புறம் ஓங்கி இழுக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்துக் காவல் நிற்கும். சிவப்புக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிப் போவது தெரிந்தால் அடியில் தாயும் தகப்பனும் இருக்கும். தவளையைப் போட்டால் கோபத்தில் கட்டாயம் அடிக்கும், சுலபமாகக் கிடைக்கும். தயவுசெய்து போடாதீர்கள், காவல் போனால் மற்ற மீன்கள் அத்தனை குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். அந்தக் கோரையை விட்டு நகர்ந்து, குஞ்சு தெரியாத ஓரமாகப் பார்த்துப் போடுங்கள்.