வாசகர் கேள்விகள்: பிள்ளைகளோடு அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு

பள்ளிச் சுற்றுலா நேரம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அருங்காட்சியகம் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம், அரை நாள்தான் கிடைக்கும். போன வருடம் வேறோர் இடத்துக்குப் போனபோது எல்லாரும் பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டே நடந்தார்கள், திரும்பி வந்து கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. இந்த முறை என்ன செய்யலாம்?
*அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, பரமக்குடி*

முதல் வேலையாக, நோட்டுகளைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள் டீச்சர். பலகையில் இருப்பதைப் பிறகு யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், பொருளைப் பார்க்கத்தான் அங்கே போகிறோம். எல்லாக் கூடங்களையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். மூன்றே மூன்று பொருள், ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம், அது போதும். நாற்பது பேரையும் ஒரே கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்தினால் பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவனின் தலைதான் தெரியும், அதனால் எட்டுப் பேர், எட்டுப் பேராகப் பிரித்து வேறு வேறு இடத்தில் தொடங்கவையுங்கள்.

எந்த மூன்று என்று கேட்பீர்கள். நான் முதலில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைச் சொல்வேன். தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகள் மட்டும் 56. அவற்றில் ஆதன், குவிரன் ஆதன் என்று ஆள் பெயர்கள் இருக்கின்றன. "இது ஒரே ஆள் எழுதியதா, பல பேர் எழுதியதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். ஒன்றில் கோடு ஆழமாக இருக்கும், ஒன்றில் கோணலாக இருக்கும், பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். இத்தனை பேர் தங்கள் பானையில் தாங்களே பெயர் எழுதியிருந்தால், எழுத்து தெரிந்தவர்கள் அன்றைக்கு அரண்மனையில் மட்டும் இருந்திருக்க முடியுமா என்ற அடுத்த கேள்விக்கு அவர்களே வந்துவிடுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் உடைந்த பானை ஓடு ஆளுக்கொன்று கொடுத்து ஆணியால் பெயர் கீறச் சொல்லுங்கள், சுட்ட மண்ணில் வளைவு போடுவது எவ்வளவு சிரமம் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது கருப்பு சிவப்புப் பானை. உள்பக்கமும் வாயும் கருப்பு, வெளியே கீழ்ப்பக்கம் சிவப்பு. இரண்டு சாயமா பூசினார்கள்? இல்லை, ஒரே மண்தான், கவிழ்த்துவைத்துச் சுடுவதால் காற்றுப் படாத பக்கம் கருக்கிறது, காற்றுப் படும் பக்கம் சிவக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். இதை உடனே சொல்லிவிடாதீர்கள், அறிவியல் பாடத்தில் ஆக்சிஜன் படித்தவர்கள்தானே, கொஞ்சம் தடுமாறட்டும்.

மூன்றாவது விளையாட்டுச் சாமான்கள். தாயக்கட்டை, ஆட்டக்காய், பானை ஓட்டை உரசிச் செய்த வட்டச் சில்லு எல்லாம் இருக்கின்றன. இதற்கு உங்கள் விளக்கமே தேவைப்படாது.

போவதற்கு முந்தின நாள் ஒன்று செய்யுங்கள். அங்கே கிடைத்த கரிம மாதிரிகளில் ஒன்று 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது, அதைச் சோதித்துத்தான் கி.மு. 580 என்று காலம் சொன்னார்கள். பள்ளி மைதானத்தில் டேப்பை வைத்து 353 செ.மீ. அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இரண்டு பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றாலும் எட்டாத ஆழம் அது. காலத்தை வெறும் எண்ணாகச் சொல்வதைவிட இது நன்றாக உறைக்கும். அப்புறம், அருங்காட்சியகக் கட்டடம் வேறு, தோண்டிய இடமான பள்ளிச்சந்தைத் திடல் வேறு. குழிகளைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பத்து வயது. எழும்பூர் மியூசியத்துக்குள் போன அரைமணி நேரத்தில் "கால் வலிக்குதுப்பா, வீட்டுக்குப் போலாம்" என்கிறான். அவனுக்கு வரலாற்றில் ஆர்வமே இல்லையோ?
*ஒரு தந்தை, பெரம்பூர்*

ஆர்வமெல்லாம் இருக்கும், உங்கள் மகன் சொல்வது உண்மை, கால்தான் வலிக்கிறது! 1851இல் தொடங்கிய இடம், ஒரே வளாகத்தில் எத்தனையோ கட்டடங்கள், பெரியவர்களாலேயே ஒரு நாளில் பார்க்க முடியாது. நீங்கள் சென்னையிலேயே இருக்கிறீர்கள், பிறகென்ன அவசரம்? ஒரு தடவைக்கு ஒரு கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செப்புத் திருமேனிகள் கூடத்திலிருந்து தொடங்கலாம். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அவனை அதே மாதிரி நிற்கச் சொல்லுங்கள். எந்தக் கால் தரையில், எந்தக் கால் தூக்கி, உடுக்கை எந்தக் கையில், நெருப்பு எந்தக் கையில், காலுக்குக் கீழே கிடப்பது யார். பத்து நொடிகூட நிற்க முடியாமல் தள்ளாடுவான், அந்தத் தள்ளாட்டத்தில்தான் சிலை செய்தவரின் சாமர்த்தியம் அவனுக்குப் புரியும். சிலையை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் சொல்லுங்கள்: முதலில் மெழுகில் முழு உருவம், அதன் மேல் களிமண் பூச்சு, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துவிடுவார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. சுவாமிமலையில் இன்றும் இந்த முறையில்தான் வார்க்கிறார்கள், கும்பகோணம் பக்கம் போனால் பட்டறையையும் காட்டுங்கள். நேரில் பார்த்த பிள்ளை அடுத்த தடவை எழும்பூருக்குத் தானே கூப்பிடுவான்.

இன்னொரு தடவை கற்கருவிகள். 1863இல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது மனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் பல இடங்களில் சேகரித்தவை எழும்பூரில்தான் இருக்கின்றன. பல்லாவரம் எங்கே என்று சென்னைப் பையனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தானே தாம்பரம் போகிறோம். வெள்ளிக்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், விடுமுறை.

எதையும் தொடாதே என்றால் குழந்தைகள் எப்படித்தான் கற்றுக்கொள்வார்கள்?
*வாசகி, திருச்சி*

கை வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஒரு கை பட்டால் தெரியாது, வருடத்துக்கு லட்சம் கை பட்டால் செம்பு அரிக்கத் தொடங்கும். காரணத்தைச் சொன்னால் குழந்தைகள் கேட்டுக்கொள்கிறார்கள், வெறுமனே அதட்டும்போதுதான் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தொடுவதற்கென்று வீட்டில் அம்மி, உரல், படி, பழைய செப்புக்குடம் இருக்குமே, அதில் தொடங்குங்கள்.

எங்களுடையது மலைக்கிராமப் பள்ளி. பஸ் வாடகைக்கு வழியில்லை. வேறு என்ன செய்யலாம்?
*ஆசிரியர், கொல்லிமலை*

உண்மையைச் சொன்னால், இப்போது இணையத்தில் கிடைப்பதே ஒரு வருடத்துக்குக் காணும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் சுவடிகளும் இலவசம். கீழடி பற்றித் தொல்லியல் துறை வெளியிட்ட சிறுநூலில் படங்கள் நன்றாக இருக்கும், நான்கைந்து பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது வேறு. பள்ளியிலேயே ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து இப்போது புழக்கத்தில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவரட்டும். பாட்டியிடம் கேட்டு, இதை யார் செய்தார், எதற்குப் பயன்பட்டது, எப்போது விட்டுப்போனது என்று நான்கு வரி எழுதி அருகில் வைக்கட்டும். பல அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கிறது, அதன் பெயரில் செய்தால் தலைமையாசிரியரும் மறுக்க மாட்டார். ஊரில் நடுகல் இருந்தால் வரைந்துவரச் சொல்லுங்கள், சுண்ணாம்போ மஞ்சளோ பூச வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டால் மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்கள். தோண்டக் கூடாது. பூமிக்கடியிலிருந்து பழங்காசோ சிலையோ தற்செயலாகக் கிடைத்தாலும் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பரீட்சையில் வருமா?
*பெயர் வேண்டாம் என்ற ஓர் அம்மா, நாமக்கல்*

வராது. போய்ப் பாருங்கள்.

புதுக்கோட்டையில் இருக்கிறோம். எங்கள் ஊர் மியூசியம் சின்னது, எப்போதோ ஒரு தடவை பார்த்தாயிற்று. நல்லதைப் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?
*கல்லூரி மாணவி*

திருக்கோகர்ணத்தில் இருப்பதைத்தானே சொல்கிறீர்கள்? 1910இல் சமஸ்தானம் தொடங்கியது அம்மா, அதற்குள் கல், விலங்கு, சிலை, காசு எல்லாம் இருக்கிறது. ஒரு சின்ன சமஸ்தானம் தன்னைப் பற்றி எதையெல்லாம் சேர்த்துவைக்க நினைத்தது என்று பாருங்கள், எழும்பூரில் அது கிடைக்காது. வெள்ளைக்காரர் ஆட்சியிலும் சொந்தமாகக் காசு அடித்த ஊர் உங்களுடையது. காசுப் பகுதியில் அம்மன் காசு இருக்கிறதா என்று தேடுங்கள், பெரியவர்கள் வீட்டில் ஒன்றிரண்டு கிடந்தாலும் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். அப்படியே சித்தன்னவாசலுக்கும் ஒரு எட்டுப் போய் அந்தத் தாமரைக்குளத்து ஓவியத்தை அண்ணாந்து பாருங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பாறை மதியத்தில் கொதிக்கும்.